பையை விட்டுப் போனவர்

கதை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பேன். விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொங்கு நாட்டில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துபவர் வசுமதி டீச்சர். கெட்டிக்காரர் என்று ஊரே மெச்சும். அவருடைய வகுப்பில் பையன்கள் சிலர் ஓர் இயக்கத்தின் சின்னத்தைப் பெஞ்சில் கீறி வைத்திருந்தார்கள். குண்டு வைப்பது வீரம் என்று அவர்களுக்கு எண்ணம். பயங்கரவாதத்தின் காரணங்களும் விளைவுகளும் என்ற பாடம் வந்தபோது டீச்சருக்குப் புத்தகம் போதவில்லை. செங்கோடனை வகுப்புக்கே வரவழைப்பது என்று முடிவுசெய்தார்.

செங்கோடன் அந்த இயக்கத்தில் இருந்தவர். பக்கத்து மாவட்டத்தில் ஒரு பேருந்து நிலையத்தில் குண்டு வைத்துவிட்டு, பல ஆண்டுகள் சிறையில் கிடந்து வெளியே வந்தவர். இப்போது கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், செய்ததை மறைக்காமல் சொல்கிறார்.

அந்த வகுப்பின் தலைவி மௌனிகா. அவளுடைய அப்பா அதே பேருந்து நிலையத்தில் கூடை வைத்துக் கடலை விற்றவர், அதே குண்டில் செத்தவர். இது மௌனிகாவுக்குத் தெரியாது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார் என்று அம்மா மாராயி சொல்லி வளர்த்திருந்தாள். பிள்ளை மனதில் வன்மம் சேரக் கூடாது என்றே ஊர் மாறி வந்தவள் அவள். பள்ளியில் சேர்க்க வந்த அன்று வசுமதி டீச்சரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுதாள்.

"எம்புள்ளைக்கு இது தெரிய வேண்டாங்க டீச்சர்."

"என் வாயால சொல்ல மாட்டேங்க. சத்தியம்," என்றார் டீச்சர்.

அப்பாவைப் பற்றி மாராயி மகளிடம் நல்லதை மட்டுமே சொல்லியிருந்தாள். அவருக்கு ஒரு கால் சூம்பிப்போயிருக்கும். ஆனாலும் பயணிகள் யாராவது குடையையோ பையையோ மறந்துவிட்டால், கூடையைப் போட்டது போட்டபடி கெந்திக் கெந்தி ஓடிப்போய்க் கொடுப்பாராம். மௌனிகா இதைப் பள்ளியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவாள்.

செங்கோடன் முதல் நாளே ஆசிரியர் அறைக்கு வந்து, என்ன பேசப்போகிறார் என்பதை ஒன்று விடாமல் சொல்லிக் காட்டினார். கேட்ட தலைமையாசிரியர் முகம் சுளித்தார். புள்ளைங்க பயந்துக்குவாங்களே என்றார்.

"ஒரு புள்ள அழுதாலும் பரவால்லீங்க சார். மத்த புள்ளைங்க ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க," என்றார் வசுமதி டீச்சர்.

மறுநாள் செங்கோடன் பேசினார். சுரங்கத்துக்காகத் தன் ஊரையே காலி செய்யவைத்தது, நியாயம் கேட்கப் போன தம்பியைச் சுட்டுக் கொன்றது, எந்த வாசலில் நின்றும் பதில் கிடைக்காதது எல்லாவற்றையும் சொன்னார். பையன்களின் கண்கள் பளபளத்தன. பிறகு அவர் குரல் இறங்கியது.

"நல்லதுக்குத்தான் செய்யறோம்னு நெனச்சேன். பைய ஒரு பெஞ்சுக்கு அடியில வெச்சுட்டு நடந்தேன். பின்னால ஒரு கொரலு. 'ஏனுங்ணா, பைய உட்டுட்டுப் போறீங்க'ன்னு. திரும்பிப் பாத்தா ஒரு கடலைக்காரன். கெந்திக் கெந்தி ஓடியாறான், கையில எம்பையி. அதைக் கீழ போடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொன்னா மாட்டிக்குவேன். வெரசா நடந்துட்டேன்."

பெஞ்சில் கீறிய பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மௌனிகாவின் முகம் வெளுத்துப்போயிற்று. வசுமதி டீச்சர் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பள்ளியில் வெளியாள் யார் வந்து பேசினாலும் முடிவில் வகுப்புத் தலைவர்தான் துண்டு போர்த்த வேண்டும். விவரம் தெரியாத தலைமையாசிரியர் மௌனிகாவைக் கூப்பிட்டார். டீச்சர் நினைத்திருந்தால் வேறு பிள்ளையை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

மௌனிகா போய்ப் போர்த்தினாள். "நல்லாப் படி கண்ணு," என்று செங்கோடன் அவள் தலையில் கை வைத்தார். வகுப்பு வழக்கம்போலக் கை தட்டியது.

அவர் கிளம்பினார். சாப்பாடு கொண்டுவந்திருந்த துணிப்பை நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது. மௌனிகா அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"ஏனுங்ணா, பைய உட்டுட்டுப் போறீங்க."

செங்கோடன் வாசற்படியில் நின்றார். திரும்பவில்லை. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். வெயில் மயக்கம் என்று நினைத்துத் தலைமையாசிரியர் சோடா வாங்கிவரச் சொன்னார். மௌனிகா பையை அவர் மடியில் வைத்தாள்.

"அது எங்கப்பாங்க," என்றாள்.

அன்றிலிருந்து அவள் அம்மாவோடு பேசுவதில்லை. அம்மா போடும் சோற்றைத் தொடுவதும் இல்லை. மாராயி பள்ளிக்கு வந்து டீச்சர் முன்னால் நின்றாள்.

"நான் என் வாயால ஒரு வார்த்த சொல்லலீங்க," என்றார் டீச்சர்.

அது உண்மைதான். பெஞ்சில் சின்னம் கீறுவதும் அதோடு நின்றுபோயிற்று. பாடம் பலித்தது.

இப்போது சொல்லுங்கள். பொய் சொல்லி வளர்த்த மாராயி, செய்ததை ஒளிக்காமல் சொன்ன செங்கோடன், பாடம் நடத்திய வசுமதி டீச்சர். அன்று அந்தப் பெண்ணுக்கு நடந்த கொடுமைக்கு இவர்களில் யார் பொறுப்பு?

விடை: செங்கோடன் என்று சொல்லத்தான் நாக்குத் துடிக்கும். அவர் செய்த கொலைக்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் கேள்வி அதைப் பற்றியது அல்ல. தன் எதிரே யார் மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்று அன்று அவருக்குத் தெரியாது. மாராயி பொய் சொன்னது பிள்ளையைக் காப்பாற்ற. வசுமதி டீச்சரிடம் நல்ல காரணம் இருந்தது. செங்கோடனிடமும் ஒரு காலத்தில் இருந்தது. வெடிக்கும் என்று தெரிந்தே ஒரு பையை வகுப்பின் நடுவில் வைத்துவிட்டு, டீச்சர் கடைசி பெஞ்சுப் பக்கம் தள்ளிப்போய் நின்றுகொண்டார். தன் பையை எடுக்கப்போவது யார் என்று செங்கோடனுக்காவது தெரியாது. டீச்சருக்குப் பேரே தெரியும்.