மருத மரம் பட்டை உரிக்கும் காரணம்

மரங்கள் வாய்திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓர் அரசன் ஊர் ஊராகத் தேடி மரங்களைக் கொண்டுவந்து ஆற்றோரம் பெரிய தோட்டம் போட்டிருந்தான். உப்பு விற்கும் நீலாயிக்கு அங்கே ஒரே ஒரு மருத மரத்தின்மேல்தான் உயிர். மார்கழியில் உப்பு வியாபாரம் படுத்துவிடும். அந்தக் குளிரில் தோட்டத்தில் ஈ காக்கை இருக்காது. போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருவாள். இருவரும் அதிகம் பேசவும் மாட்டார்கள்.

அந்த மார்கழியில் சாய்ந்தவளுக்கு முதுகில் சுருக்கென்று குத்தியது. திரும்பிப் பார்த்தாள். அரசன் பெயர், அமைச்சர் பெயர், அமைச்சரின் மச்சான் பெயர், மச்சானுடைய சமையல்காரன் பெயர்வரை பட்டையில் உளியால் ஆழமாக வெட்டியிருந்தார்கள். அந்த வெட்டு மரத்தைக் கிட்டத்தட்டச் சுற்றி வந்துவிட்டது; வெட்டுப்படாமல் ஒரு சாண் பட்டைதான் மிச்சம்.

"யாரு பார்த்த வேலை இது?"

"ராசாவுக்கு என்மேல பிரியமாம்," என்றது மருதம். "பிரியமான மரத்துல பேர் வெட்டுறது அரண்மனை வழக்கமாம். அந்த ஒரு சாணும் போச்சுன்னா வேருக்குச் சாறு இறங்காது நீலாயி. நான் அவ்வளவுதான்."

நீலாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரியமாம் பிரியம்! பெற்ற பிள்ளைமேல் பிரியம் என்று அதன் கன்னத்தில் கத்தியால் எழுதுவானா இவன்?

அந்த நேரம் பார்த்து அரசனே பரிவாரத்தோடு வந்து சேர்ந்தான். அவள் கும்பிடவில்லை.

"ராசா, நீங்க செஞ்சது கொஞ்சமும் நியாயமில்ல. இந்த மரம் சாகப்போகுது."

அரசன் சிரித்தான். அவனுக்குப் புரிந்தது அவ்வளவுதான். "உன் பேரை விட்டுட்டோம்னு கோபமா? இந்தா உளி. அந்த ஒரு சாண் இடம் உனக்குத்தான், வெட்டிக்கோ."

உளியை வாங்கி, இருக்கும் பலத்தையெல்லாம் கூட்டி ஆற்றில் எறிந்தாள் நீலாயி. "என் பேரு என்கிட்டயே இருக்கட்டும்!" என்றவள் மரத்தின் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் பேசாம நிக்கிற? உன் தோலுதானே? வேண்டாம்னு உதறேன்!"

பிறந்ததிலிருந்து யாரிடமும் வேண்டாம் என்று சொல்லியறியாத மரம் அது. ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது. பட்டை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அரசன் பெயர் அவன் காலடியிலேயே விழுந்தது. உள்ளே புதுத்தோல் வழவழவென்று இருந்தது.

"திரும்ப வெட்டுவேன்!" என்று கத்தினான் அரசன்.

"திரும்ப உதிர்ப்பேன்," என்றது மருதம்.

அன்று முதல்தான் மருத மரம் தன் பட்டையைத் தானே உரித்துப் போடுகிறது, எந்த மடையன் வந்து பெயர் வெட்டினாலும் அதையும் சேர்த்து.