ஒட்டுக்குக் கீழே

“சாமி, எம் மக வச்ச ரோஜாச்செடி செத்துக்கிட்டிருக்கு. எப்படியாவது காப்பாத்திக் குடுங்க.”

கேட்டவர் சவரிமுத்து. கொடைக்கானலில் ஒரு பங்களாவில் முப்பது வருடம் தோட்டக்காரராக இருந்தவர். வயது அறுபது.

சாமிக்கு முப்பத்தைந்து இருந்தால் அதிகம். தாடி வளர்த்துக்கொண்டு சோலை ஓரத்தில் தனியாக இருந்தார். அதற்கே ஊர் அவரைச் சாமி ஆக்கிவிட்டது. அவரும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

“என்ன ரோஜா, அய்யா?”

“சிவப்பு. எமல்டா தன் கையால ஒட்டுக் கட்டுனது.”

“எதுமேல கட்டுனாங்க?”

“காட்டு ரோஜா மேல. அவ புருஷன் பிலவேந்திரன் மேல்மலைச் சோலையிலருந்து வேரோட தோண்டிட்டு வந்தான்.”

சாமியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

“நல்ல செடி. நீலகிரி, நம்ம மலைன்னு உசரத்துலதான் இருக்கும். கீழ கொண்டுபோனா நிக்காது. முள்ளைக் கொக்கியா மாட்டி மரத்துல ஏறிரும். வெள்ளைப் பூ. அஞ்சே இதழ்.”

“அந்தப் பூ எனக்கெதுக்கு, சாமி? எனக்கு எம் மக பூ வேணும்.”

“காட்டு ரோஜா இருந்த எடம் இப்ப எப்படி இருக்கு?”

“எல்லாம் தைலமரம். ஒண்ணுகூட இல்ல.”

“பிலவேந்திரன்?”

சவரிமுத்து தரையைப் பார்த்தார்.

“அவளுக்குக் காய்ச்சல். பாதையில மண்ணு சரிஞ்சு கெடக்குன்னு ரெண்டு நாள் வீட்டுலயே வச்சிருந்தான். மூணாம் நாள் ஆஸ்பத்திரிக்கு முதுகுல தூக்கிட்டு வந்தான். வர்ற வழியிலயே முடிஞ்சிருச்சு.”

“மண்ணு சரிஞ்சது நெசமா?”

“நெசந்தான். அதுக்காக?”

சவரிமுத்துவே தொடர்ந்தார்.

“அடக்கம் முடிஞ்சதும் சொல்லிட்டேன். உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்லன்னு. கேக்கணுமே! பூசை முடிஞ்சு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து வாசல்ல நிப்பான். நான் கதவைத் தொறக்கமாட்டேன். நின்னு பாத்துட்டுப் போயிருவான்.”

“வாங்க, செடியப் பாப்போம்.”

செடி சவரிமுத்து வீட்டு வாசலிலேயே இருந்தது. இலை இல்லை. தண்டில் ஒட்டுக் கட்டிய இடம் முழங்கைபோல் புடைத்திருந்தது.

சாமி குந்தி உட்கார்ந்தார். புடைப்புக்கு மேலே தோலை நகத்தால் கீறினார். பழுப்பு. இன்னும் மேலே கீறினார். அங்கேயும் பழுப்பு.

புடைப்புக்குக் கீழே கீறினார். நூலளவுக்குப் பச்சை தெரிந்தது.

அந்தப் பச்சையைச் சுற்றி நிறைய வெட்டுக்காயங்கள். சில ஆறிப்போனவை. சில புதியவை.

“இதெல்லாம் என்ன, அய்யா?”

“ஒட்டுக்குக் கீழ முளைக்கிற காட்டுத் தளிரு. அறுத்து விட்டுருவேன்.”

“எத்தனை அறுத்தீங்க?”

“வந்ததெல்லாம் அறுத்தேன். எந்தத் தோட்டக்காரனும் அதத்தான் செய்வான். விட்டா செடியத் தின்னுரும்.”

“எந்தச் செடிய?”

சவரிமுத்து காய்ந்த தண்டைத் தொட்டார்.

முப்பது வருடம் செடியோடு கிடந்தவர். மேலே எல்லாம் காய்ந்து எட்டு மாதம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தினமும் தொட்டுப் பார்த்த விரலுக்குத் தெரியும். அவர்தான் விரலை நம்பவில்லை. காய்ந்த குச்சிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, உயிரோடு வந்ததையெல்லாம் அறுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது. ஆனால் அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் கோபம் நின்றிருக்காது.

“எமல்டா போயிட்டா, சாமி,” என்றார். அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாமி தண்டின் அடியில் மண்ணை விலக்கி, விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் தடவினார்.

“இனி அறுக்கமாட்டேன்,” என்றார் சவரிமுத்து. “சத்தியமா அறுக்கமாட்டேன். வெள்ளையே பூக்கட்டும். வருமா, சாமி?”

“கடைசியா தளிரு எப்ப வந்துச்சு?”

சவரிமுத்து செடியைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே பாதையைப் பார்த்தார்.

“போன மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வந்தான்,” என்றார். “அதுக்கப்புறம் வரல.”