மேகசினை உரசிய தகடு

வீரபத்திரனைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் இன்றும் சல்யூட் வைப்பார்கள். போலீஸில் சுடப் பழக்கிய வாத்தியார். அவர் ஓய்வு பெற்றாலும் மீசை ஓய்வு பெறவில்லை. அப்பேர்ப்பட்டவர், தன்னைவிட இருபது வயது இளைய பெண்ணை வாய் நிறைய "டீச்சர்" என்று அழைத்து, துப்பாக்கி செய்யக் கற்றுக்கொண்டிருந்தார்.

பூங்கோதை டீச்சர் முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். இப்போது, அரசு அனுமதியோடு நடக்கும் அந்தத் துப்பாக்கிப் பட்டறையில் வடிவமைப்புக்குத் தலைவர்.

ஒருநாள் காலை வீரபத்திரன் ஒரு கைத்துப்பாக்கியை டீச்சரின் மேஜைமேல் வைத்தார். தானே வடிவமைத்த முதல் துப்பாக்கி. மறுநாள் காவல்துறையிலிருந்து பார்க்க வருகிறார்கள். வேண்டாம் என்று உதட்டைப் பிதுக்கிவிட்டால் இத்தனை நாள் பட்ட பாடு வீண்.

"டீச்சர், ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்கண்ணா."

"இந்தத் தகட்டை எடுத்துடலாமுங்களா?"

அவர் காட்டியது கைப்பிடிக்குள் இருந்த ஒரு சின்ன எஃகுத் தகடு. தோட்டா நிரப்பிய மேகசின் உள்ளே இருக்கும்வரை துப்பாக்கி சுடும். மேகசினை உருவிவிட்டால் தகடு குறுக்கே வந்து தடுத்துவிடும். பிறகு விசையை எவ்வளவு அழுத்தினாலும் சுடாது.

"அதுக்கு என்னங்கண்ணா குறை?"

"மேகசின் மேல உரசுதுங்க. விசை கரகரன்னு வருது. தொட்டா வெண்ணெய் மாதிரி போக வேண்டாமுங்களா?"

"மேகசினை வழவழன்னு செஞ்சிட்டா?"

"போலீஸ்ல புது மேகசின் வாங்க மாட்டாங்களாம். கிடங்குல கிடக்கிற பழசே பொருந்தணுமாம். அது அத்தனையும் சொரசொரன்னு இருக்குது. தகடு, நல்ல விசை, பழைய மேகசின், இந்த மூணும் ஒண்ணாச் சேர மாட்டேங்குதுங்க. ஒண்ண விட்டாகணும்."

"எதை விடலாம்னு தோணுது?"

"தகட்டைத்தானுங்க. மேகசினை உருவினாலும் குழலுக்குள்ள ஒரு தோட்டா நிக்கும்னு போலீஸ்காரனுக்குத் தெரியாதுங்களா? நான் பாடத்தை ஆரம்பிக்கிறதே அங்கதான். அதை மறக்கிறவன் துப்பாக்கியையே தொடக்கூடாதுங்க."



"சரிங்கண்ணா. எடுத்துட்டுச் சுட்டுப் பாருங்க."

வீரபத்திரன் தகட்டைக் கழற்றினார். சோதனை அறைக்குப் போய் மேகசினை நிரப்பினார். அந்தப் பட்டறையில் விசையைச் சோதிக்க நிஜத் தோட்டா போடமாட்டார்கள். மருந்தும் குண்டும் இல்லாத தோட்டாதான். அடியில் இருக்கும் கேப் மட்டும் பட்டென்று வெடிக்கும்.

மணல் பெட்டியைப் பார்த்துச் சுட்டார். விசை அவர் ஆசைப்பட்டபடியே வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த தோட்டாவைக் கையால் குழலுக்குள் ஏற்றி இன்னொரு முறை சுட்டார். மூன்றாவதை ஏற்றும்போது சின்னப் பிள்ளைபோல் சிரிப்பு வந்தது. தன் கையால் செய்த பொருள் இத்தனை அழகாக வேலை செய்வதைப் பார்க்க மனிதனுக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"டீ வந்திருச்சுங்கண்ணா" என்று டீச்சர் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"இதோ துடைச்சு வெச்சுட்டு வந்துடறனுங்க. டீச்சர், விசை அப்படி இருக்குதுங்க! நாளைக்கு அவங்க தொட்டுப் பார்த்தா விடமாட்டாங்க."

பேசிக்கொண்டே மேகசினை உருவி மேஜைமேல் வைத்தார். குழலை இடது உள்ளங்கையில் ஊன்றிக்கொண்டு துணியால் துடைத்தார். உள்ளே வைக்கும் முன் விசையை ஒருமுறை தட்டிவிடுவது அவருடைய பல வருடப் பழக்கம். தட்டினார்.

பட்டென்று வெடித்தது.

துப்பாக்கி கீழே விழுந்தது. வீரபத்திரன் இடது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். திறந்து பார்க்கப் பயமாக இருந்தது. டீச்சர் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்து மெல்ல விரித்தார்.

உள்ளங்கை நடுவில் கரியாக ஒரு வட்டம். லேசாகச் சுட்டிருந்தது, அவ்வளவுதான். வீரபத்திரன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். எல்லாம் மடங்கின. அந்தப் பெரிய மீசைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, வெட்கம் பார்க்காமல் அழுதார்.

"கை இருக்குதுங்க டீச்சர்."

"இருக்குங்கண்ணா. டீயைக் குடிங்க."

குடித்து முடித்ததும் எழுந்து போய், கழற்றி வைத்த தகட்டைக் கையில் எடுத்தார். யாரும் சொல்லவில்லை. மேகசினில் உரசும் முனையை மாலைவரை தேய்த்தார், பாலிஷ் போட்டார், திரும்ப மாட்டினார். கரகரப்பு பாதி குறைந்தது. மீதிப் பாதி போகவில்லை.

மறுநாள் வந்த அதிகாரி பழைய மேகசினைச் செருகிச் சுட்டுப் பார்த்தார்.

"விசை கொஞ்சம் கரகரங்குதே?"

"ஆமாங்கய்யா. தேய்ச்சது போக மிச்சம் அவ்வளவு இருக்குதுங்க."

அதிகாரி மேகசினை உருவிவிட்டு, மணலைப் பார்த்து விசையை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"இதென்ன, வேலை செய்யலையே?"

வீரபத்திரன் இடது கையை விரித்துக் காட்டினார். வட்டம் இன்னும் போயிருக்கவில்லை.

"மேகசினை உருவினா ஒரு தகடு தடுக்குதுங்கய்யா. நேத்து அதை எடுத்துட்டேனுங்க. உள்ள குண்டில்லாத தோட்டா. அதனால இந்தக் கையைக் காட்ட முடியுது."

"உங்களுக்கா? நீங்க வாத்தியாராச்சே!"

"ஆமாங்கய்யா. வாத்தியார்தானுங்க."

 அதிகாரி துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார்.

"கரகரப்பு இருந்துட்டுப் போகட்டும். எங்களுக்கு இதுவே போதும்."

வண்டி கேட்டைத் தாண்டிய பிறகுதான் வீரபத்திரனுக்கு மூச்சே ஒழுங்காக வந்தது.  ஆனால் ஒரு கேள்வி மட்டும் முந்தின நாளிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

"டீச்சர், நான் மறந்துடுவேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"தெரியாதுங்கண்ணா" என்றார் டீச்சர். "யாரு மறப்பாங்கன்னு தெரிஞ்சா, அவங்க துப்பாக்கியில மட்டும் தகட்டை வெச்சாப் போதுமே."