அடுப்பூதினால் வரும் மழை

மழை பொய்த்துப்போன ஊர் அது. பகலெல்லாம் குவாரியில் கல்லுடைத்து, தண்ணீர் சுமந்து, வீடு திரும்பிச் சோறும் ஆக்கி ஓய்ந்துபோன ஒச்சாயி, ஊர் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் அம்பலக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றாள். "ராத்திரிச் சோத்தையாவது என் வீட்டுக்காரர் பொங்கட்டும், ஐயா." அதே குவாரியில் கல்லுடைக்கும் கணவன் மாயழகு பக்கத்தில் விறைப்பாக நின்றான். வேடிக்கை பார்க்க ஊர்க் கூட்டமும் கூடிவிட்டது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்பலக்காரர் மீசையைத் தடவினார். "ஆம்பளை அடுப்பூதினா ஊருக்கு மழை வராது. பேசாமப் போயி உலையை வை."

சண்டை போடவும் ஒச்சாயிக்குத் தெம்பில்லை. திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கேட்டாள்: "முனியாண்டி கோயில் கெடாவெட்டுல பொம்பளை நிழல்கூடப் படக்கூடாதே. அங்க சோறாக்குறது யாருங்கய்யா?"

"நாங்கதான்! ஊர் ஆம்பளை அத்தனை பேரும்!"

"எதுக்கு அந்தப் படையல்?"

"எதுக்கா? மழை பெய்யத்தான்!"

"வருசத்துக்கு ஒருநாள் மட்டும் ஊதுனா எப்படிங்கய்யா பெய்யும்?"

கூட்டம் சிரித்தது. மாயழகு தரையைப் பார்த்தான். உள்ளேயிருந்து வந்த அம்பலக்காரரின் மனைவி, கையிலிருந்த ஊதுகுழலைப் புருஷன் மடியில் வைத்துவிட்டு, அப்பாடா என்று ஒச்சாயி பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் சொன்னாள்:

"ஊரு காஞ்சு கெடக்கு. நல்லா ஊதுங்க."