பாதி கட்டிய ஆஸ்பத்திரி

ஓடைக்கரை ஈச்சமரத்தில் நாராயி என்றொரு தூக்கணாங்குருவி குடியிருந்தாள். அவள் கணவன் மஞ்சக்கொண்டை. காட்டிலேயே அவனைப் போலக் கட்டடக்காரன் கிடையாது.

அந்த மரத்தில் ஐந்து கூடுகள் தொங்கின. நாலு கூடு பாதியிலேயே நின்றவை. ஐந்தாவதில்தான் குடித்தனம். தூக்கணாங்குருவிகளின் வழக்கம் அப்படி. ஆண் பாதிக் கூடு கட்டியதும் பெண்ணைக் கூப்பிட வேண்டும். அவள் உள்ளே உட்கார்ந்து பார்ப்பாள். நாரை இழுத்துப் பார்ப்பாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்ப்பாள். பிடித்தால்தான் மீதிப் பாதி. பிடிக்காவிட்டால் வேறு கிளையில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நாராயி நாலு தடவை "ம்ஹூம்" சொன்னவள். அந்த நாலையும் காட்டி மஞ்சக்கொண்டையைக் கிண்டல் பண்ணாவிட்டால் பக்கத்து மரத்து மைனாக்களுக்குப் பொழுது போகாது.

அந்த வருஷம் காட்டில் ஓர் ஆஸ்பத்திரி கட்டுவது என்று முடிவானது. அதுவரை கீரியக்காதான் ஒரு பாறைப் பொந்தில் வைத்தியம் பார்த்து வந்தாள். போன மழையில் பொந்துக்குள் தண்ணீர் புகுந்து, காலில் முள் குத்தி வந்த முயல் காய்ச்சலோடு வீட்டுக்குப் போனது. அதனால்தான் யானைத் தலைவர் கூட்டம் போட்டார்.

மேட்டு உச்சியில் கட்டலாம் என்றார் தலைவர். ஓடைக்கரை மருதமரங்களில் நாற்பதைச் சாய்த்தால் தூணுக்கு ஆகும், எதிர்மலையில் நின்று பார்த்தாலும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றார். மஞ்சக்கொண்டைக்கு அப்போதே இறக்கை பரபரத்தது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

நாராயிக்கு மட்டும் ஒரு சந்தேகம். வைத்தியம் பார்க்கிற கீரியக்கா கூட்டத்தில் வாயே திறக்கவில்லையே, ஏன்? சந்தேகம் வந்துவிட்டால் அவளுக்கு இரை இறங்காது. நேரே பொந்துக்குப் பறந்தாள்.

கீரியக்கா தன் பின்னங்காலில் பச்சிலை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தேக்கிலையில் கட்டிய மூட்டை ஒன்று இருந்தது.

"காலுக்கு என்னக்கா?"

"ஓடி ஓடி வீங்கிடுச்சு, தங்கச்சி."

"கூட்டத்துல நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

"என்னை யாரு கேட்டா?"

அப்புறம் மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. அக்கரைக் காட்டில் இருக்கும் அவள் அண்ணன் ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறானாம். உச்சியில் ஆஸ்பத்திரி வந்தால் ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் மேட்டிலிருந்து இறங்கி ஏற வேண்டும். சொன்னால் சோம்பேறி என்பார்கள். அதனால் ஓடையில் வெள்ளம் வருவதற்குள் கிளம்பிவிடுவது என்று வேரும் மூலிகையும் மூட்டை கட்டி வைத்துவிட்டாளாம்.

நாராயி அந்த மூட்டையையே பார்த்தாள். அந்தக் காட்டில் வைத்தியம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நாளைக்குக் குஞ்சுக்கு ஒன்று என்றால் யாரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது?

வீட்டுக்கு வந்ததும் கணவனைப் பிடித்துக்கொண்டாள். "இந்தாங்க, மரத்தைச் சாய்க்கறதுக்கு முன்னாடி பாதி ஆஸ்பத்திரி கட்டுங்க."

"பாதியா?"

"புல்லும் மூங்கில் குச்சியும் போதும். தலைவர் சொன்ன இடத்துல, சொன்ன அளவுல கட்டுங்க. உள்ள ஆளை உட்கார வச்சுப் பார்த்துடுவோம்."

"உன் வேலையை ஊர் வேலையிலயும் காட்டறியா, புள்ள? ஏற்கெனவே மைனாக்கள் சிரிக்குது."

"நாலு கூட்டைப் பார்த்துத்தானே சிரிக்குதுங்க? போன புயலுக்கு அஞ்சாவது கூட்டுல ஒரு முட்டை உடைஞ்சுதா?"

மஞ்சக்கொண்டை தொண்டையைக் கனைத்துக்கொண்டு தலைவரைப் பார்க்கப் போனான். தலைவருக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் மூன்று நாள் தவணை கொடுத்தார். நாலாம் நாள் காலையில் மரம் சாயும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் மேட்டு உச்சியில் புல் ஆஸ்பத்திரி எழும்பியது. கால் அடிபட்ட புள்ளிமான், ஓடு விரிசல் விட்ட ஆமை, காய்ச்சல்கார முள்ளம்பன்றி, மூவரையும் வரச் சொன்னார்கள். நாராயி ஒரு குச்சியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

முதல் நாள் விடிந்ததும் புறப்பட்ட ஆமை உச்சி வெயிலில் பாதி மேட்டில்தான் நின்றது. இருக்கிற விரிசல் போதாதென்று இன்னொன்று விடும் போலிருக்கிறது என்று புலம்பியது. மானோ மருந்து குடித்தும் கண்ணை மூடவில்லை. ஏன் தூங்க மாட்டேன் என்கிறது? நாராயி சுற்றிச் சுற்றிப் பறந்து பார்த்தாள். மான் நொடிக்கொரு தரம் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது. வாசல் அதன் முதுகுப் பக்கம்! யார் வருகிறார்கள் என்று தெரியாத இடத்தில் மானுக்கு எப்படித் தூக்கம் வரும்? நடு அறையில் காற்றே இல்லை. அங்கே படுத்த முள்ளம்பன்றிக்குப் புழுக்கத்தில் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது. மருந்தோடு போன கீரியக்காவால் கிட்டே நெருங்கவே முடியவில்லை.

இரண்டாம் நாள் நாராயி ஈச்ச ஓலையைக் கிழித்து, நாரோடு நார் முடிந்து, பெரிய உருண்டையாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். மூன்று கூடு கட்டும் அளவு நார்.

"அக்கா, வாலைக் காட்டுங்க."

"என்னத்துக்குடி?"

"அப்புறம் சொல்றேன். நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க."

நாரின் நுனியை வாலில் கட்டிவிட்டாள். கீரியக்கா ஓடைக்குப் போனாள், மருந்துக் குவியலுக்கு வந்தாள், மானிடம் போனாள், மறுபடி ஓடைக்குப் போனாள். உருண்டை சுழன்று சுழன்று இளைத்தது. உச்சிப் பொழுதுக்கு முன்பே மொத்த நாரும் தீர்ந்துபோனது. மேடெல்லாம் நார்ச் சிக்கல்.

தலைவர் வந்து தும்பிக்கையால் நாரைத் தூக்கிப் பார்த்தார். "என்ன இது?"

"கீரியக்காவோட அரை நாள், தலைவரே," என்றாள் நாராயி.

தலைவர் மேட்டையும் பார்த்தார், ஓடையையும் பார்த்தார், கீரியக்காவின் வீங்கிய காலையும் பார்த்தார். "எனக்கு இது நாலு எட்டுதானே," என்று முணுமுணுத்தார். "சரி, கீழேயே இடம் பாருங்க," என்றார்.

மூன்றாம் நாள் எல்லாவற்றையும் பிரித்தார்கள். புல்லும் குச்சியும்தானே, ஒரு காலைப் பொழுதில் வேலை முடிந்தது. போன வருஷ வெள்ளம் மருதமரங்களில் விட்டுப்போன சேற்றுக் கோட்டைப் பார்த்து, அதற்கு நாலு முழம் மேலே கரைச் சரிவில் இடம் பிடித்தார்கள். நின்ற மரங்களே தூண் ஆயின, அவற்றின் கிளைகளே நிழல் தந்தன. ஒரு மரத்தையும் வெட்டவில்லை. மருந்தும் தண்ணீரும் நடுவில். படுக்கைகள் அதைச் சுற்றி. மானுக்குப் பாதையைப் பார்த்த மாதிரி ஓர் இடம், ஆமைக்கு ஏறாமல் நுழைய ஒரு வாசல், முள்ளம்பன்றிக்கு ஓடைக் காற்று. சூடு மேலே போகக் கூரையில் திறப்பு. சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் மஞ்சக்கொண்டை தன் கூட்டைப் பின்னுவது போலவே நெருக்கிப் பின்னினான்.

பாதி கட்டியதும் மறுபடி எல்லோரையும் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மான் சற்று நேரத்திலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டது.

தலைவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "எதிர்மலையில நின்னா இது தெரியவே தெரியாதே," என்றார்.

கீரியக்கா தலைவர் எதிரில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "எதிர்மலையில நிக்கிறவங்களுக்கு ஒரு நோவும் இல்ல, தலைவரே. நொண்டிக்கிட்டு வர்றவங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

தலைவர் காதை ஆட்டினார். பிறகு கூரைக்கு வேண்டிய புல்கட்டுகளைத் தாமே தூக்கிக் கொடுக்க ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரி முடிந்த எட்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஓடை மெல்ல ஏறியது. கீரியக்கா அக்கரைக்குப் போவதானால் இன்றோ நாளையோ போக வேண்டும். மூட்டை இன்னும் கட்டியபடியே ஆஸ்பத்திரி மூலையில் இருந்தது. கேட்க நாராயிக்குப் பயம்.

அன்று மத்தியானம் நனைந்துகொண்டே தலைவர் வந்தார். பாதத்தில் மூங்கில் சிம்பு ஏறியிருந்தது. வாசலுக்கு வந்தவர் உள்ளே நுழைய முடியாமல் நின்றார். நாராயி காலால் தலையைச் சொறிந்துகொண்டாள். எல்லோரையும் உட்கார வைத்துப் பார்த்தவர்கள், யானையை உட்கார வைத்துப் பார்க்க மறந்துவிட்டார்கள்!

"மறந்தா என்ன? முடிச்சுத்தானே," என்ற மஞ்சக்கொண்டை, ஒரு பக்கத் தட்டியின் முடிச்சுகளை அவிழ்த்தான். தட்டி மடங்கியது. தலைவர் அந்த வழியாக உள்ளே வந்து காலை நீட்டினார். கீரியக்கா நின்ற இடத்திலிருந்தே தண்ணீர் எடுத்தாள், மருந்து எடுத்தாள், சிம்பைப் பிடுங்கினாள். ரத்தம் நிற்கவில்லை. குவியலில் அதற்கான வேர் தீர்ந்துபோயிருந்தது. கீரியக்கா மூலைக்குப் போய், கொஞ்சமும் யோசிக்காமல் தேக்கிலை மூட்டையைப் பிரித்து வேரை எடுத்தாள்.

"அக்கா, மூட்டையைப் பிரிச்சிட்டீங்களே," என்றாள் நாராயி மெதுவாக.

"ஓட வேண்டாத இடத்துல மூட்டை எதுக்குடி?" என்று சொல்லிவிட்டு, மிச்ச மூலிகைகளையும் குவியலிலேயே கொட்டினாள் கீரியக்கா.

மழை விட்டதும் நாராயி மறுபடி அவள் வாலில் நாரைக் கட்டிப் பார்த்தாள். அந்தி வரை ஓடியும் ஒரு கூட்டுக்கான நார்கூடச் செலவாகவில்லை. மிச்ச நாரை வைத்து மஞ்சக்கொண்டை அடுத்த கூட்டைத் தொடங்கினான். முதல் முடிச்சைப் போடுவதற்கு முன்பே, மைனாக்களின் காதில் விழட்டும் என்று உரக்கக் கூப்பிட்டான்: "புள்ள நாராயி, வாசல் எந்தப் பக்கம் வேணும்?"

யாருக்காகக் கட்டுகிறோமோ அவர்களையும், அங்கே நின்று உழைக்கப் போகிறவர்களையும் முதலில் கேட்டுவிட்டுக் கட்டினால், செலவு சிறுத்து உபயோகம் பெருகும்.