பிடி வளைந்த இடம்

அந்தக் காலத்தில் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பேச்சு இருந்தது, நிலத்துக்குக் கோடு இல்லை. வடக்கே தெலுங்கு பேசுகிறவர்கள், தெற்கே தமிழ் பேசுகிறவர்கள், நடுவில் ஒரு சரளை மேடு. மேட்டின் தெற்குச் சரிவில் ஓர் ஊற்றும் அதையொட்டி ஏழெட்டுக் குடிசைகளும் இருந்தன. அங்கே குடியிருந்தவர்கள் ஆட்டைத் தெலுங்கில் அதட்டினார்கள், பிள்ளைகளைத் தமிழில் அதட்டினார்கள். இரண்டுமே கேட்கவில்லை.

ஒரு கட்டத்தில் இரண்டு நாட்டாருக்கும் எல்லை வேண்டியிருந்தது. முதலில் கேட்டது யார் என்பதை இரு தரப்பும் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.

எல்லை போடுவதற்கு அப்போது ஒரே வழிதான், பிடி நடத்துவது. பிடி என்றால் பெண் யானை. அவள் யாருக்கும் சாயக்கூடாது என்பதற்காகக் கண்ணை மஞ்சள் துணியால் கட்டி, காலை வெயில் நெற்றியில் படும்படி கிழக்கு முகமாக நிறுத்துவார்கள். அந்தச் சூட்டைப் பிடித்துக்கொண்டு அவள் நேராக நடப்பாள். கால் பட்ட தடத்தில் கல் நட்டுக் கள்ளி வைப்பார்கள். அவள் நடந்து முடிக்கும்வரை மனிதர் யாரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் அவர் நாடு தோற்றது.

நடையைத் தொடங்கிய நாளில் தெற்கு நாட்டுத் தலைவர் பூவாண்டானும் வடக்கு நாட்டுத் தலைவர் எர்ரப்பனும் யானைக்குப் பின்னால் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். எர்ரப்பன் முன்யோசனைக்காரர். வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டிருந்தார்.

யானை வரும் நேர்க்கோட்டில், மேட்டின் மேல், ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு கிடையாது. வெறும் சரளையில் ஒரு சிறு பள்ளம், அவ்வளவுதான். முட்டைக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. யார் வந்தாலும் சத்தமில்லாமல் எழுந்து தள்ளிப்போய் நின்றுகொள்ளும், வந்தவர் பார்க்காமல் கடந்துவிடுவார். அந்தக் காலத்தில் அதைவிட ஊமையான பறவை அந்த வட்டாரத்தில் இல்லை. பாம்பு, நரி, பருந்து எல்லாவற்றிடமிருந்தும் அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருந்தது.

தரை அதிர்ந்தது. பெட்டை எழுந்து நின்று பார்த்தது.

"நேரா வருது" என்றது.

"வரட்டும். எப்பவும்போல ஒதுங்கி நில்லு" என்றது ஆண்.

"ஒதுங்கினா? நம்மள மிதிக்காது, சரி. முட்டைய?"

"யானைக்குக் கண் இல்லியா, பார்த்து வைக்கும்."

"கட்டியிருக்காங்க, அது தெரியலியா உனக்கு? மஞ்சளா இருக்கே, பூன்னு நினைச்சியா?"

ஆண் கழுத்தை நீட்டிப் புதர்ப் பக்கம் பார்த்தது. பிறகு தாழ்ந்த குரலில், "கத்திடாதே. புதருக்குப் பின்னால நரி படுத்திருக்கு. மேல பருந்து சுத்துது. இன்னிக்கு ஒரு தடவை கத்தினா இங்கதான் முட்டைன்னு ஊருக்கே சொன்ன மாதிரி. அப்புறம் என்னிக்கும் நிம்மதி இல்லை" என்றது.

"நிம்மதியா இருந்து எதை அடைகாக்கறது?" என்று சொல்லிவிட்டு, பெட்டை வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தியது.

யானை தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு, "யாரது?" என்றாள்.

"நான்தான். கால வைக்காதீங்கம்மா. முன்னால முட்டை இருக்கு, நாலு!"

"நடையை நிறுத்தக்கூடாதே நான். எங்கே வைக்கட்டும், சொல்லு."

வடக்கா தெற்கா என்று பறவைக்கு என்ன தெரியும். முட்டையிலிருந்து தூரமாகப் போக வேண்டும், அது மட்டும்தான் தெரிந்தது. "என் குரலோட வாங்க, இப்படி, இப்படி" என்று தெற்கே சரிவில் இறங்கி ஓடியது. யானை வெயிலை விட்டுக் குரலைப் பிடித்துக்கொண்டாள்.

பூவாண்டானுக்கு முகம் கறுத்தது. ஒவ்வொரு அடியும் அவர் நிலம். இரண்டு கையையும் ஆட்டினார், காலைத் தரையில் உதைத்தார், தலைப்பாகையைக் கழற்றி வீசினார். கண் கட்டிய யானைக்கு அது எதுவும் தெரியவில்லை. எர்ரப்பன் வெற்றிலையோடு சிரிக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்ணில் நீர் வர நடந்தார்.

பாதியில் நிறுத்தியிருந்தால் சின்ன வளைவோடு போயிருக்கும். ஆனால் முன்னால் குடிசைகள் இருந்தன. அவற்றை யானை மிதித்துவிடக்கூடாதே என்று பறவை அவற்றின் பின்பக்கமாக, ஊற்றுக்கும் அப்பால் அழைத்துப்போனது. சுற்றி வந்து, மறுபடி மேடேறி, முட்டைக்கு வெகுதூரம் கிழக்கே பழைய நேர்க்கோட்டில் கொண்டுவந்து விட்டது. யானை நெற்றியில் வெயிலைத் தேடிப் பிடித்து மிச்சத்தை நடந்து முடித்தாள்.

துணியை அவிழ்த்ததும் பூவாண்டான் வெடித்தார். "நாலு முட்டைக்கு ஒரு ஊரா? ஊற்றோடயா? திரும்ப நட!"

"வைத்த காலை நான் எடுப்பதில்லை" என்றாள் யானை. "நீங்கள் போட்ட விதிதான்."

ஊற்றங்கரையில் குடத்தோடு நின்ற சென்னம்மா என்பவளிடம் யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். "தண்ணிக்கு வந்தேன், குடம் ரொம்பறதுக்குள்ள நாடு மாறிப்போச்சா?" என்றாள். "நான் எங்கேயும் போகலியேப்பா." எர்ரப்பன் தெலுங்கில் ஏதோ ஆறுதல் சொன்னார். அவள் தமிழில் பதில் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கல் நட்டார்கள். கூட்டம் கலைந்தது. நரி மெதுவாக எழுந்து சோம்பல் முறித்தது. பருந்து கீழே ஒரு வட்டம் இறங்கியது. மேட்டில் முட்டை இருப்பது இரண்டுக்கும் இப்போது தெரியும்.

பெட்டை ஆணைப் பார்த்தது. ஆண் பறந்துபோய், முட்டை இல்லாத பக்கமாக நின்று, தொண்டை கிழியக் கத்தத் தொடங்கியது. நரி அந்தப் பக்கம் ஓடியது, பருந்தும் அங்கே திரும்பியது.

அந்த வளைவு இன்றும் இருக்கிறது. கிழக்கே போகும் பேருந்து ஊருக்குள் நுழையும்போது மாநிலம் மாறுகிறது, ஊரைத் தாண்டியதும் மறுபடி மாறுகிறது. தூங்குகிற பயணிகளின் கைபேசிகள் இரண்டு தடவை வரவேற்கின்றன.

அன்று முதல்தான் ஆள்காட்டி ஆளைக் கண்டதும் கத்துகிறது, முட்டையிலிருந்து தள்ளி நின்றே கத்துகிறது. அந்த ஊரில் ஏர் ஓட்டுகிறவர்களும், எந்த மொழிக்காரராக இருந்தாலும், அது கூப்பிடுகிற பக்கம் போகாமல், அது காட்டாத பக்கத்தைக் குனிந்து பார்த்து ஏரை வளைத்து ஓட்டுகிறார்கள்.