பிள்ளைக்காம்பராவில் பேர் வெட்டு

"முதல்ல ஜெசிந்தா பாப்பாவோட தோளைக் கடிச்சான். அடுத்தது, அழுத பிள்ளையைத் தள்ளிவிட்டான். அதுக்கப்புறம் பால் கோப்பையை வீசினான். கடைசியா, தடுக்கப் போன என் கன்னத்தையே கீறிட்டான்."

வரிசை தப்பாமல் சொல்லி முடித்தார் அந்தோணிமுத்து.

"அந்தக் கடியன் பேரைப் பதிவுலேருந்து வெட்டிரணும், டீச்சர்."

தாய்மார் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துத் திரும்பும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காம்பரா அது. பொறுப்பாளர் தவமலருக்கு முப்பது வயது. அந்தோணிமுத்துவோ ஆயுள் முழுக்கத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வளர்த்தவர். சங்கம் அந்த ஆயுளை வாங்கிக்கொண்டு அவரை மறந்தது. அதன் பிறகுதான் பிள்ளை வளர்க்கக் கற்றுக்கொள்ள இங்கே வந்தார்.

"பேரை வெட்டினா அவன் அம்மா மலைக்கு எப்படிப் போவா, தலைவரே?"

"அதுக்காக மத்தப் பிள்ளைங்க கடி வாங்கணுமா?"

"கூடாது. விசாரணை வெச்சீங்களா?"

"மூணு வயசுப் பயலுக்கு என்ன விசாரணை?"

"தோட்டத்துத் துரை வேலையிலேருந்து உங்க பேரை வெட்டினப்போ விசாரணை கேட்டீங்களே?"

அவர் கன்னத்துக் கீறலைத் தடவினார்.

"இன்னிக்கு அவன் பக்கத்துலயே உக்காருங்க. கடிக்க விடாதீங்க, திட்டவும் செய்யாதீங்க. கடிக்கிறதுக்கு முன்னால என்ன நடக்குதுன்னு பாருங்க."

முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்தார்.

பையன் மரலாரி ஓட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் வந்து பிடுங்கினான்.

பையனின் வாய் திறந்தது. சொல் வரவில்லை. பெரியவர்கள் பக்கம் பார்த்தான். ஆயா பாய் விரித்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் வாயைத் திறந்தான். வரவில்லை.

பிறகு பற்கள் தெரிந்தன.

அந்தோணிமுத்து கையைக் குறுக்கே நீட்டினார். கடி அதில் விழுந்தது.

போலீஸ் தடிக்கு இழுக்காத கை. இப்போதும் இழுக்கவில்லை.

"வலிக்குதுப்பா. கடிக்க விட மாட்டேன். உன் லாரியைப் பிடுங்கிட்டான், அதானே?"

பற்கள் தளர்ந்தன. பையன் தலையாட்டினான்.

கையில் பதிந்த தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். குனிந்து, உதடு குவித்து, அதன்மேல் ஊதினான்.

மறுநாள் வர வேண்டிய பிள்ளைகளின் பெயரைச் சாயங்காலம் தாய்மார் முன்னால் வாசிப்பது அங்கே வழக்கம்.

எல்லோருக்கும் பின்னால், கூடையைக்கூட இறக்காமல், தலை குனிந்து நின்றாள் யோகேஸ்வரி. மகன் பேரை வெட்டப் போகிற சேதி அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"இன்னிக்கு நீங்க வாசிங்க, தலைவரே," என்றாள் தவமலர்.

அந்தோணிமுத்து எழுந்தார். பையன் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே எழுந்தான்.

கூட்டங்களில் பேசிய பழைய குரலில், கடைசியில் நிற்பவளுக்கும் கேட்கும்படி, முதல் பெயரை வாசித்தார்:

"யோகேஸ்வரி மகன் கிருசாந்தன்."